கடைசித் துளையின் பெருமை

ராஜாவும் இருந்தார், இன்டர்நெட்டும் இருந்தது. அப்படியும் ஒரு காலம் உண்டா என்று கேட்பவர்கள் மேகவூருக்குப் போனதில்லை என்று பொருள்.

மேகவூர் மன்னர் பொழில்வேந்தருக்குப் புதுமை என்றால் உயிர். கோட்டை மதிலில் சுழலும் கேமராக்கள், அந்தப்புரத்தில் தொலைபேசிகள், அரியணையில் ஒலிபெருக்கி என்று கண்ட இடமெல்லாம் பொருத்தச் சொன்னார். அத்தனைக்கும் வரிசையாகத் துளைகள் கொண்ட ஒரே ஸ்விட்ச் பெட்டி. அதிலிருந்து செல்லும் ஒவ்வொரு கம்பியும் செய்தியைச் சுமக்கும், மின்சாரத்தையும் சுமக்கும். பெட்டியைத் தேர்ந்து வாங்கியவள் அவையின் விகடகவி அல்லியங்கோதை. கம்பி சொருகும் உரிமையைத் தட்டிப் பறித்தவர் தலைமை அமைச்சர் திருமேனியார்.

ஒவ்வொரு கருவியும் எவ்வளவு மின்சாரம் உண்ணும், பெட்டி எவ்வளவு தரும் என்று பார்த்த பிறகே சொருக வேண்டும் என்றாள் கோதை. அமைச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“துளை காலியாக இருக்கிறது, சொருகுகிறோம். இதென்ன கல்யாணப் பந்தியா அம்மணி, எத்தனை படி அரிசி என்று பார்க்க?”

அவர் பார்த்தது மரபை மட்டுமே. மேகவூர் ஊர்வலத்தில் அமைச்சர் முன்னே நடப்பார். யானையும் படையும் நடுவே வரும். மன்னர் கடைசியில் வருவார். ஆகவே திருமேனியார் வாயிலில் தம் திருமுகத்தைக் காட்டும் பெருந்திரைக்கு முதல் துளையைக் கொடுத்தார். கேமராக்களுக்கும் தொலைபேசிகளுக்கும் நடுத்துளைகள். மன்னரின் ஒலிபெருக்கிக்குக் கடைசித் துளை. கடைசி இடமே தலைமை இடம் என்று மன்னரிடம் மார்தட்டியும் வைத்தார்.

அயல்நாட்டுத் தூதர் அவைக்கு வந்தார். மன்னர் முழங்கினார்: “எம் நாட்டில் பஞ்சம், பசி, திருட்டு…”

அந்த நொடியில் கேமராக்கள் அனைத்தும் தூதரின் மயிற்பீலித் தொப்பியைக் காணத் திரும்பின. ஒலிபெருக்கி அணைந்தது. ‘இல்லை’ என்ற சொல் அரியணையைத் தாண்டவில்லை. தூதர் கண் கலங்கினார். இரண்டு கப்பல் அரிசி அனுப்புவதாக வாக்களித்தார்.

பெட்டி சொத்தை, வாங்கியவளைக் கேளுங்கள் என்று கைகாட்டினார் அமைச்சர். மன்னரின் மீசை துடித்தது. மறுநாள் அதே தூதர் முன் மீண்டும் பேசப்போவதாகச் சொன்னார். ஒரு கருவியையும் நீக்கக் கூடாது, வேறு பெட்டியும் கூடாது. குரல் அறுந்தால் கோதை நாட்டின் எல்லையைத் தாண்டிவிட வேண்டும்.

அன்றிரவே கோதை பெட்டி இருந்த அறைக்குப் போனாள். பெட்டியின் முன் அமர்ந்து ஆராய்ந்தாள். கேமராக்கள் சும்மா இருந்தால் சிறிதளவே உண்டன, சுழன்றால் விழுங்கின. விழுங்கும்போதெல்லாம் கடைசித் துளை இருண்டது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டே கம்பிகளை இடம் மாற்றிவிட்டு உறங்கப் போனாள்.

மறுநாள் மன்னர் முழங்கினார். கேமராக்கள் திரும்பின. ‘இல்லை’ என்ற சொல் கோட்டைக் காக்கைகளை எல்லாம் கிளப்பிவிட்டது. வாயிலில் புன்னகைத்துக்கொண்டிருந்த அமைச்சரின் முகம் மட்டும் பொசுக்கென்று அணைந்தது.

“மன்னா, என் திரையை நீக்கிவிட்டாள்” என்றார் திருமேனியார், மூச்சிரைக்க.

“எதையும் நீக்கவில்லை” என்றாள் கோதை. “இந்தப் பெட்டிக்கு ஊர்வலம் நடத்தத் தெரியாது, மன்னா. அமைச்சர் வேண்டாம் என்ற பந்தியைத்தான் அது நடத்துகிறது. முதல் இலையிலிருந்து பரிமாறும். சோறு தீர்ந்தால் கடைசி இலை வெறும் இலை. எனவே தங்களை முதல் இலையில் அமர்த்தினேன்.”

“என்னைக் கடைசித் துளையில் தள்ளினாயே, இது எவ்வளவு பெரிய அவமதிப்பு?”

“அவமதிப்பா? நேற்றுவரை அது மன்னருக்கென்று தாங்களே தேர்ந்தெடுத்த தலைமை இடம் அல்லவா, ஐயா?”

மன்னர் தம் முத்துமாலையைக் கோதைக்கு அளித்தார்; சொருகும் உரிமையையும் அளித்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒலிபெருக்கி வழியே கோட்டை முழுவதும் கேட்டது. நடுவில் ஓரிடத்திலும் அறுபடவில்லை.