ஆறு கடிக்கிற இடம்

"ஆறு கடிக்கிற இடத்தில்..." என்று கிழட்டுப் பன்றி ஒருமுறை ஏதோ சொல்லத் தொடங்கியது. அதன் வாய் நிறையக் கோரைக்கிழங்கு. மீதிச் சொற்களும் கிழங்கோடு சேர்ந்து உள்ளே போய்விட்டன. பக்கத்தில் நின்ற காட்டுப்பன்றி, 'பிறகு கேட்டுக்கொள்ளலாம்' என்று இருந்துவிட்டது.

பிறகு யானைகள் வந்தன. கேட்க வேண்டிய தேவையே வரவில்லை. கிழட்டுப் பன்றியும் இறந்துபோயிற்று.

அந்த யானைகள் மலைக்கு அப்பாலுள்ள வேற்றுக் காட்டைச் சேர்ந்தவை. வடக்குக் கணவாய் வழியாகச் செந்நாய்கள் இறங்கக்கூடும் என்று சொல்லி, இந்தக் காட்டின் ஆற்றங்கரையில் காவல் முகாம் போட்டன. மொத்தம் நாற்பது யானைகள். "ஒரு கோடை மட்டும் இருப்போம்" என்றன. பன்னிரண்டு கோடை இருந்தன.

நீர்க்கோழி முட்டையிடும் கோரைப்புதர் முதல் வாரத்திலேயே தரைமட்டமானது. விடிந்ததும் நாற்பதும் வரிசையில் நின்று பிளிறும். அதன் பிறகு காட்டில் ஒரு குஞ்சுகூடத் தூங்க முடியாது.

"நம்ம காட்டுல நாம கத்தினா தப்பு. விருந்தாளி கத்தினா அணிவகுப்பா!" என்று நீர்க்கோழி தினமும் திட்டும்.

முகாமை நம்பிப் பிழைத்தவர்களும் இருந்தார்கள். யானைகள் நடந்தால் புல்லிலிருந்து பூச்சிகள் எழும்பும். உண்ணிக்கொக்குகள் பின்னாலேயே போய்க் கொத்தும். யானைகள் உயரக் கிளைகளை ஒடித்துப் போடும். புள்ளிமான்கள் தழையை மேயும். சாணிவண்டுகளுக்கு உட்கார நேரம் கிடையாது. எந்த யானைக்கு எந்த மூங்கில் புதர் என்று பேசி முடித்து வைப்பது நரி. அதற்குப் பலாப்பழம் தவறாமல் போய்ச் சேரும்.

காட்டுப்பன்றி யானைகளுக்கு வழிகாட்டி. எந்தச் சரிவு வழுக்கும், எந்தப் பாதையில் புதைமணல் என்று அது ஒருமுறையும் தவறாகச் சொன்னதில்லை. யானைத் தலைவி அந்தக் காட்டில் நம்பியது பன்றியின் பேச்சு ஒன்றைத்தான்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது தண்ணீர். கோடையில் ஆறு வற்றியதும் யானைகள் நடுமணலைக் காலால் பறித்து, துதிக்கையை விட்டு ஊற்று எடுக்கும். வயிறு நிறையக் குடித்துவிட்டு நகரும். அதன் பிறகு காட்டு மிருகங்கள் வரிசையாக வரும். முதலில் மான், அடுத்து பன்றி, அதற்கடுத்து நரி, கடைசியில் காகம். யானைகளைத் திட்டிக்கொண்டே குடித்துவிட்டுப் போகும்.

ஒருநாள் விடிந்தது, பிளிறல் இல்லை.

"செந்நாய்கள் வேறு மலைக்குப் போய்விட்டன. இனி இங்கே எங்களுக்கு வேலையில்லை" என்று தலைவி பன்றியிடம் சொன்னது. வெயில் ஏறுவதற்குள் நாற்பது யானைகளும் மலை ஏறி மறைந்தன.

காடே கொண்டாடியது. காகங்கள் முகாம் இருந்த இடத்துக்கு மேலே வட்டமடித்துக் கரைந்தன. மான்கள் துள்ளின. நரிகூட, "நான் அன்னிக்கே சொன்னேன்ல, இவங்க நிலைக்க மாட்டாங்கன்னு!" என்று முன்னால் நின்று ஊளையிட்டது.

நாள்கள் போயின. கோரை மறுபடி முளைத்தது. குஞ்சுகள் வெயில் வரும்வரை தூங்கின. ஆனால் தழை மான்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. கொக்குகள் பூச்சி தேடி நாளெல்லாம் அலைந்தன. சாணிவண்டுகள் வேலையில்லாமல் வெறும் மண்ணை உருட்டிப் பார்த்தன. பலாப்பழம் மரத்தின் உச்சியில் பழுத்து, வௌவாலுக்குப் போயிற்று. நரி மெலிந்தது.

பிறகு கோடை வந்தது. ஆறு வற்றியது.

மிருகங்கள் வழக்கம்போல நடுமணலுக்குப் போய் வரிசையில் நின்றன. முதலில் மான், அடுத்து பன்றி, அதற்கடுத்து நரி. கடைசியில் வந்த காகம் எட்டிப் பார்த்தது. முன்னால் வெறும் மணல்தான் இருந்தது.

"ஏன்க்கா நிக்கிறோம்?" என்று அது மானைக் கேட்டது.

"எப்பவும் இங்கதானே நிப்போம்?"

"தண்ணி எங்கக்கா?"

"வரும். நீ வரிசையைக் கலைக்காம நில்லு!"

மூன்று நாள் அப்படியே நின்றன. மூன்றாம் நாள் காட்டுப்பன்றியின் துணையான பெண்பன்றி வந்தது. அது ஆறு குட்டிகள் போட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

"ஏங்க, எனக்குத் தண்ணி இல்லாம பால் சுரக்கல. கடைக்குட்டி இன்னிக்கு எந்திரிக்கவே இல்ல."

"வத்தாத பேராத்துக்குப் போயிடுவோமா?" என்றது பன்றி.

"ரெண்டு நாள் நடை. குட்டிங்க பத்து அடிகூட நடக்காது."

நரி இதற்காகத்தான் காத்திருந்தது போலப் பன்றியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"மச்சான், இருக்கிறது ஒரே வழி. யானைகளைக் கூப்பிடணும்."

"கூப்பிட்டா வருமா?"

"சும்மா கூப்பிட்டா வராது. செந்நாய் வந்துடுச்சுன்னு சொன்னா வரும்!"

"ஐயோ, எங்க வந்துடுச்சு?" என்று மான் ஒரே தாவாகக் கரைக்குத் தாவியது.

"வரலை தாயே! வந்துடுச்சுன்னு சொல்லணும். நான் சொன்னா அந்தத் தலைவி நம்பாது. மச்சான் சொன்னா உடனே கிளம்பிடும். தூது போகக் கொக்கு தயாரா இருக்கு. ஒரு வார்த்தை போதும்."

நீர்க்கோழி கோரைக்குள்ளிருந்து தலையை நீட்டியது.

"பன்னிரண்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் நாலு முட்டை இட்டிருக்கேன். அது பொரியறதுக்குள்ள மறுபடி மிதிக்கக் கூப்பிடறியா?"

"உன் நாலு முட்டை பெருசா, மச்சான் வீட்டு ஆறு குட்டி பெருசா?"

"உனக்குப் பலாப்பழம் பெருசு! அதைச் சொல்லேன், வாய் வலிக்குதா?"

எல்லாரும் பன்றியைப் பார்த்தார்கள். பன்றி பெண்பன்றியைப் பார்த்தது.

"கொக்கு, நாளைக்கு உச்சி வெயில் வரைக்கும் இரு" என்றது பன்றி. "அதுக்குள்ள தண்ணி கிடைக்கலைன்னா, நரி கேக்கிற பொய்யை நானே சொல்றேன்."

மறுநாள் விடிந்ததும் பன்றி நடுமணலில் தோண்டத் தொடங்கியது. யானைகள் எப்போதும் தோண்டிய அதே இடம். ஒரு முழம் போயிற்று. இரண்டு முழம் போயிற்று. மேலிருந்து மணல் சரிந்து குழியை மூடியது. மறுபடி தோண்டியது. மறுபடி சரிந்தது. அங்கே தண்ணீர் துதிக்கைக்கு எட்டும் ஆழத்தில் இருந்தது. பன்றியின் மூக்குக்கு எட்டும் ஆழத்தில் இல்லை.

"மாமா, யானை ஆகணும்னா மூக்கு இன்னும் கொஞ்சம் வளரணும்!" என்றது காகம்.

எல்லாரும் சிரித்தார்கள். தொண்டை வறண்டிருந்ததால் சிரிப்பு பாதியில் நின்றது.

பன்றியின் மூக்கில் ரத்தம் கசிந்தது. அது நிழல் தேடி, ஆறு வளையும் இடத்துக்குப் போய்க் கரையோரம் படுத்தது. அந்தக் கரை உள்வாங்கியிருந்தது. மேலே நின்ற மருதமரத்தின் வேர்கள் காற்றில் தொங்கின. அடியில் மண் இல்லை. யாரோ ஒரு வாய் கடித்து எடுத்தது போல இருந்தது.

பன்றி எழுந்து உட்கார்ந்தது.

"ஆறு கடிக்கிற இடத்தில்..." என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தது.

வெள்ளம் வரும்போது ஆறு நேராக வந்து இந்தக் கரையில்தான் மோதும். மோதி மோதிக் கரையைத் தின்னும். அடியையும் ஆழமாகப் பறிக்கும். வெள்ளம் வடிந்த பிறகு அந்தப் பள்ளத்தை மணல் மூடிவிடும். தண்ணீர் அடியில் தங்கிவிடும். கிழட்டுப் பன்றி மென்று விழுங்கிய மீதி இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பன்றி வேர்களுக்குக் கீழே தோண்டியது. அரை முழத்தில் மணலின் நிறம் கறுத்தது. ஒரு முழத்தில் மூக்கு சில்லென்றது. அங்கே மணல் சரியவில்லை. வேர் பிடித்து வைத்திருந்தது. இன்னும் நாலு தள்ளு தள்ளியதும், குழியின் அடியில் ஒரு கண் அளவு தண்ணீர் ஊறியது. பிறகு ஒரு கை அளவு. பிறகு குழி நிறைந்தது.

பெண்பன்றி முதலில் குடித்தது. நெடுநேரம் குடித்தது. அதன் பிறகு புதருக்குப் போய்ப் படுத்து, கடைக்குட்டியை மூக்கால் நெம்பி மடியில் சேர்த்தது. அது சப்பத் தொடங்கியது.

மிருகங்கள் ஓடி வந்தன. மான் முன்னால் நின்று, "வரிசை! வரிசை!" என்று கத்தியது. யாரும் காதில் வாங்கவில்லை.

உச்சி வெயில் வந்தது. கொக்கு இறங்கிப் பன்றியின் எதிரில் நின்றது.

"நேரமாச்சு மாமா. என்ன சொல்லட்டும்?"

"சொல்லு மச்சான், சொல்லிடு!" என்று நரி குறுக்கே வந்தது. "தண்ணி கிடைச்சா ஆச்சா? தழை யார் ஒடிப்பாங்க? கொக்குக்குப் பூச்சி யார் எழுப்புவாங்க? வண்டுக்கு யார் வேலை கொடுப்பாங்க?"

மான் உயரத்திலிருந்த தழையை அண்ணாந்து பார்த்தது. சாணிவண்டுகள் வெறும் மண்ணை உருட்டின. நரி சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

"எனக்கும் அவங்க வந்தா நல்லதுதான். மறைக்க மாட்டேன்" என்றது கொக்கு. "ஆனா நீங்க சொல்றதைத்தான் கொண்டுபோவேன்."

பன்றி மூக்கிலிருந்த மணலைத் துடைத்துக்கொண்டது.

"செந்நாய் வரலைன்னு சொல்லு. அவங்க தோண்டின ஊத்துல பன்னிரண்டு கோடை குடிச்சோம், அதை மறக்கலைன்னு சொல்லு. வழிப்போக்கரா வந்தா இங்க குடிக்கத் தண்ணி உண்டு. முகாம் போட வர வேண்டாம்."

கொக்கு மலைப்பக்கம் பறந்தது. பன்றி அடுத்த வளைவுக்குப் போய், ஆறு கடித்த கரையோரம் இரண்டாவது ஊற்றைத் தோண்டத் தொடங்கியது.

நமக்காக இன்னொருவர் செய்துதரும் வேலை ஒருநாள் நின்றுபோகும். அதற்குள் அந்த வேலையை நாமே செய்யும் விதத்தை மறந்துவிடக் கூடாது.