கூரன் வைத்த பின்வாசல்

பெரிய ஏரி ஒன்றின் கரையில் கூரன் என்ற கீரி நிலைகொள்ளாமல் அலைந்துகொண்டிருந்தது. ஒரு வளை தோண்டும். அதில் ஒரு நாழிகைகூடப் படுக்காது. எழுந்து வந்து ஏரி நடுவே இருந்த தீவைப் பார்க்கும். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். கூரனுக்குப் பச்சையெல்லாம் பொருட்டில்லை. அங்கே அதன் மனைவி செவந்தியும் மூன்று குட்டிகளும் இருந்தன.

தீவு நாரைகளுடையது. பாம்புகளிடமிருந்து குஞ்சுகளைக் காக்கத்தான் அவை கூரனைக் கூட்டிவந்து குடிவைத்தன. காவலுக்கு வந்த கூரனோ ஒருநாள் வெள்ளாச்சி என்ற நாரையின் கூட்டில் ஏறி, அதன் ஒரே குஞ்சைத் தின்றுவிட்டது. வேலியே பயிரை மேய்ந்தால் யார் பொறுப்பார்கள்? நாரைகள் கூடி அதைத் துரத்திவிட்டன. செவந்தியையும் குட்டிகளையும் மட்டும் இருக்கவிட்டன. ஆனால் கூரனை ஒளித்துவைத்தால் அவையும் வெளியேற வேண்டும் என்று சொல்லிவிட்டன.

ஓராண்டு போயிற்று. ஏதோ தெரியாத்தனமாக நடந்துவிட்டது என்று கூரன் கண்டவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தது. தெரியாத்தனமாக எப்படி மரம் ஏற முடியும் என்று யாரும் கேட்கவில்லை. ஏரியில் இருந்த ஆமையிடம், முதுகில் ஏற்றித் தீவில் விடும்படி கெஞ்சியது.

"துறையில இறங்கி வெள்ளாச்சிகிட்ட பேசுறதா இருந்தா ஏறு" என்றது ஆமை. கூரன் ஏறவில்லை.

எந்த வளைக்கும் இரண்டு வாசல் வைப்பது கீரிகளின் வழக்கம். முன்னால் ஆபத்து வந்தால் பின்னால் ஓடலாம் அல்லவா? தீவிலிருந்த வளைக்கும் கூரன் புதர் மறைவில் ஒரு பின்வாசல் வைத்திருந்தது. நாரைகளுக்கு அது தெரியாது. அந்த நினைப்புதான் அதை உட்காரவிடாமல் அரித்தது.

அடைமழை பெய்த ஒரு மதியம், நாரைகள் கூட்டைவிட்டு அசையாத நேரம். மிதந்துவந்த ஆகாயத்தாமரைத் திட்டில் தொற்றி, கூரன் தீவின் பின்பக்கம் போய்ச் சேர்ந்தது. புதருக்குள் பாய்ந்தது. வாசலைக் காணோம். மண்ணை இறுக்கி யாரோ அடைத்திருந்தார்கள். கூரன் வெறிகொண்டு பறண்டியது.

"தோண்டாதீங்க. நான்தான் அடைச்சேன்" என்று உள்ளேயிருந்து செவந்தியின் குரல் கேட்டது.

"செவந்தி, பிள்ளைங்களை ஒரு தடவை பாத்துட்டுப் போயிடுறேன்."

"இந்த வழியா வந்தீங்கன்னா நாளைக்கு எங்களுக்கும் போக்கிடம் இல்ல. அப்பா ஏன் போனாருன்னு தினமும் கேக்குதுங்க. நான் என்னன்னு சொல்ல? முன்வாசல் திறந்துதான் இருக்கு. வர்றதா இருந்தா அப்படி வாங்க."

முன்வாசல் வெள்ளாச்சியின் மரத்துக்கு நேர் எதிரே இருந்தது. கூரன் தண்ணீரை நோக்கி ஓடியது. திரும்பி வந்தது. மறுபடியும் ஓடியது. உள்ளே ஒரு குட்டி, "யாரும்மா வெளியில?" என்று கேட்டது. அதைக் கேட்டதும் கூரனுக்கு அழுகை வந்துவிட்டது. கொட்டும் மழையில் நடந்துபோய் மரத்தடியில் நின்றது.

"வெள்ளாச்சியம்மா, உங்க குஞ்சைத் தின்னது நான்தான். பசியில இல்ல, ஆசையில. தெரிஞ்சேதான் ஏறினேன்."

வெள்ளாச்சி கூட்டிலிருந்து கீழே எட்டிப் பார்த்தது. அதன் சிறகுக்கடியில் இந்த ஆண்டுக் குஞ்சுகள் இரண்டு இருந்தன.

"என் பிள்ளை திரும்பி வராது" என்றது அது. "உன்னை இங்க குடிவைக்க எனக்கு மனசு வரல. ஆனா உன் பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு? பகல்ல துறைக்கு வா. எங்க கண்ணு முன்னால அதுங்களோட இரு. பொழுது சாயறதுக்குள்ள போயிடு."

கூரன் அன்றே கரைக்குத் திரும்பியது. மறுநாள் ஆமையின் முதுகில் ஏறித் துறையில் இறங்கியது. பெரிய குட்டிகள் இரண்டும் செவந்தியின் பின்னால் ஒளிந்துகொண்டன. கடைக்குட்டி மட்டும் கிட்டே வந்து முகர்ந்து பார்த்தது. நீ ஏன் எங்களை விட்டுப் போனாய் என்று கேட்டது. கூரன் ஒன்றையும் மறைக்காமல் சொன்னது.

அன்று மாலை கரை திரும்பிய கூரன் புதிதாக ஒரு வளை தோண்டி, விடியும்வரை அதிலேயே தூங்கியது. அந்த வளைக்கு ஒரே ஒரு வாசல்தான் இருந்தது.

நீதி: செய்த குற்றத்தை வாய்திறந்து ஒப்புக்கொள்ளாதவனுக்குச் சொந்த வீட்டிலும் வாசல் கிடையாது.