மில்காரர் வீட்டுக் காதுகுத்து

ஈரோட்டில், ஒரு தையல் கடையின் மேல்மாடியில் படம் பிடிக்கக் கற்றுக்கொடுத்து வந்தாள் ஷமீமா. வயது இருபத்தேழு. அவளிடம் சீடனாகச் சேர்ந்த கந்தவேலுக்கோ நாற்பத்தாறு. தறிப்பட்டறையை மூடிய பிறகு கேமராவைக் கையில் எடுத்தவர்.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் வந்த வேகத்தில் கதவு சுவரில் மோதியது. கையிலிருந்த தாம்பூலப் பையை மேஜைமேல் தொப்பென்று வைத்தார்.

"இதுதானுங்க டீச்சர் என் முதல் சம்பளம். பிரிச்சுப் பாருங்க."

ஒரு தேங்காய், இரண்டு வெற்றிலை, ஐநூற்றொரு ரூபாய்.

"அரிசி மில்காரர் சென்னியப்பன் பேரனுக்குக் காதுகுத்து. விடியால நாலு மணிக்குப் போனனுங்க. மொட்டை அடிச்சதுல ஆரம்பிச்சு, மாமன் மடியில உக்கார வெச்சது, பந்தியில ரசம் ஊத்துனது வரைக்கும் எண்ணூறு படம். வாடகைக்கு எடுத்த லென்ஸுக்கே அறுநூறு ஆச்சு. கணக்குப் பாத்தா, நான் அவங்களுக்குத் தொண்ணூத்தொம்பது ரூபா மொய் வெச்சுட்டு வந்திருக்கேன்!"

ஷமீமா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். கந்தவேலுக்கு அதுவேறு எரிச்சலைக் கிளப்பியது.

"சிரிங்க. பந்தல்காரருக்கு நாப்பதாயிரம், சமையலுக்கு எழுபது. என் கண்ணு முன்னாலதான் எண்ணிக் குடுத்தாரு. நான் மட்டும் கேனையனா?"

"போகறதுக்கு முன்னாடி எவ்வளவுன்னு கேட்டாரா?"

"கேட்டாருங்க."

"என்ன சொன்னீங்க?"

அவர் பிடரியைத் தடவினார். "நமக்குள்ள என்னங்க, பாத்துக் குடுங்கன்னேன்."

"பாத்துட்டாரு. குடுத்துட்டாரு."

"நல்லா இருக்குதுங்க உங்க நியாயம்! வாய்விட்டுக் கேக்காதவனை உரிச்சுத் தின்னுபோடலாமா? அந்தாளுக்கு மனசாட்சி வேண்டாமா?"

"வேணும். அவர் பண்ணுனது அயோக்கியத்தனம்தான். யாரு இல்லேன்னா?"

"அப்புறம் என்னை எதுக்குங்க குறுக்குவிசாரணை பண்றீங்க?"

"அவர் இங்க வரலியே. நீங்கதானே வந்திருக்கீங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் சட்டைப்பையில் கைபேசி அலறியது. மில்காரரின் தம்பி. வருகிற ஞாயிறு புதுமனை புகுவிழாவாம். படத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.

"பத்து நிமிசத்துல கூப்பிடறனுங்க" என்று பதறிப்போய் வைத்தார் கந்தவேல். "டீச்சர், எவ்வளவு சொல்லட்டும்?"

"உங்களுக்கு எவ்வளவு வேணும்?"

"ஒம்பதாயிரம்." சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"இதையே அவர்கிட்டச் சொல்லுங்க."

"வாய் வர மாட்டேங்குதுங்களே! அவர் என்ன நெனைப்பாரோன்னு இருக்குது. உங்களுக்கென்னங்க? நான் சேர வந்த அன்னிக்கு, வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா, 'பன்னெண்டாயிரம்'னீங்க. நானும் மறுபேச்சுப் பேசாமக் கட்டுனேன். உங்களுக்குப் பொறவியிலேயே அந்தத் தைரியம்."

ஷமீமா தாம்பூலப் பையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"எங்கிட்டக் கத்துக்க வந்த முதல் ஆளே நீங்கதாங்கண்ணா. அந்தப் பன்னெண்டாயிரத்தைச் சொல்றப்போ என் ரெண்டு கையும் நடுங்கிட்டே இருந்துச்சு. மேஜைக்கு அடியில வெச்சிருந்தேன். அதான் உங்களுக்குத் தெரியல."