கழுத்தில் ஒட்டிய காவி

பறவையும் மனுஷரும் ஒரே பேச்சுப் பேசிய காலம் ஒன்று இருந்தது. இன்று நாம் முக்குளிப்பான் என்கிறோமே, அந்த ஏரிப் பறவைக்கு அப்போது முங்கவே தெரியாது. கரையோரமாக நீந்திக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாயடிக்கும். தன் அழகைப் பற்றி அதற்கு இருந்த நினைப்பு இருக்கிறதே, அடேயப்பா!

ஏரிக்குள் சரிந்து இறங்கும் பெரும்பாறையில், மலைச்சனத்துப் பெண் மருதி காவிக்கல்லை இழைத்துப் படம் எழுதுவாள். யானை, மான் எல்லாம் ஏறியாயிற்று. உடும்புகூட ஏறிவிட்டது.

"உடும்புக்கு இடம் இருக்கு, எனக்கு இல்லையா? என்னை எப்ப எழுதுவே?" என்று பறவை தினமும் நச்சரிக்கும்.

"எழுதறேன், பொறு," என்பாள் மருதி.

பாறையின் அடியில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. அது தனக்குத்தான் என்று பறவை முடிவே கட்டிவிட்டது. ஒருநாள் சாயங்காலம் மருதி வந்தாள். அந்த இடத்தில், ஒரு குழந்தைக்கு எட்டும் உயரத்தில், சின்னதாக ஒரு மனுஷ உருவத்தை எழுதிவிட்டுப் போய்விட்டாள்.

பறவைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார், என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கேட்கவில்லை, பாவி. ஈரம் காயுமுன் கழுத்தை வைத்துத் தேய்த்து அழித்துவிட்டது.

விடிந்ததும் மருதி வந்து பாறையைத் தடவிப் பார்த்தாள். "ஐயோ, யாரு அழிச்சது?"

"குரங்கா இருக்கும்," என்றது பறவை, கூசாமல்.

மருதி திரும்பி அதன் கழுத்தைப் பார்த்தாள். காவி அப்பியிருந்தது.

"உன் கழுத்துல இருக்கறது என் மக மாதி," என்றாள். "காய்ச்சல்ல போயிட்டா. அவ முகம் எனக்கு மறந்துக்கிட்டே வருது. நேத்துதான் சரியா ஞாபகம் வந்துச்சு, ஓடிவந்து எழுதினேன். இனிமே வராது."

மாதி! கரையில் உட்கார்ந்து தன் சோற்றில் பாதியை அதற்குப் போட்ட பெண். இத்தனை நாளாய் ஏன் காணோம் என்று பறவை ஒரு தரம்கூட நினைத்துப் பார்க்கவில்லை. வெட்கத்தில் அதற்கு உடம்பெல்லாம் குன்றிப்போயிற்று. மருதியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தண்ணீருக்குள் முங்கியது. கழுத்தைக் கழுவிக் கழுவிப் பார்த்துவிட்டு மேலே வந்தது. காவி போகவில்லை. மருதியும் கரையை விட்டுப் போகவில்லை. மறுபடி முங்கியது.

இப்போது அந்த ஏரிப் பூங்காவுக்கு வருகிறவர்கள், பாறையடியில் சிவப்பாய் ஈஷிக் கிடப்பதைக் காட்டி, "இது என்ன படம்?" என்று கேட்கிறார்கள். பதில் தெரிந்தது முக்குளிப்பான் ஒன்றுக்குத்தான். அதுவோ, கரையில் மனித முகம் தெரிந்தாலே, அன்று தொடங்கியதை இன்றும் விடாமல், சிவந்த கழுத்தோடு தண்ணீருக்குள் முங்கிவிடுகிறது.