மாசிக்காய் காய்க்காத மரம்

மலைக்கு மேலே ஒரு மடம். மடத்துக்கு மேலே மேகம்தான். வடக்கே வெகுதொலைவு. ஆனாலும் அங்கே பேச்சு தமிழ்ப் பேச்சு. மடத்தை நடத்திய உலகம்மை தாமிரபரணிக் கரையில் பிறந்தவர். அவருக்கு மருந்தும் தெரியும், எப்போது பேசாமல் இருக்கவேண்டும் என்பதும் தெரியும்.

அவருடைய சீடர்களில் பூவலிங்கம் கொஞ்சம் வேடிக்கையானவர். குருவைவிட வயதில் மூத்த சீடர். அம்பாசமுத்திரத்தில் தமையனோடு சேர்ந்து நாட்டு மருந்துக் கடை நடத்தியவர். அதனால் குரு அவரை "அண்ணாச்சி" என்பார். அவர் குருவை "அம்மா" என்பார். விறகு பிளப்பார், தண்ணீர் சுமப்பார். மருந்து அறைப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்கமாட்டார்.

அன்று காலை, பால் கொண்டுவந்த பெண் ஒரு செய்தி சொன்னாள். அடிவாரச் சத்திரத்தில் தெற்கத்திப் பெரியவர் ஒருவர் படுத்துக் கிடக்கிறாராம். பெயர் ஆவுடையப்பனாம். தம்பியைப் பார்க்க வந்தவராம். வழியில் குடித்த தண்ணீர் சேராமல் வயிற்றுப்போக்கு. எழுந்து உட்காரக்கூட முடியவில்லையாம்.

பூவலிங்கம் கோடாலியைக் கீழே வைக்கவில்லை.

"உங்க அண்ணன்தானே?" என்றார் உலகம்மை.

"ஆமாம்மா."

"போகலையா?"

ஒரு கட்டை இரண்டாகத் தெறித்து விழுந்தது.

"பங்குனி உத்திரக் கூட்டம்மா அன்னிக்கு. ஒரு பொம்பளைக்குச் சுக்குப் பொட்டலம் நீட்டுறேன். இவர் வந்து கையிலிருந்து பிடுங்கினார். 'இவன்கிட்ட வாங்காதீங்க, ராசியில்லாத கை'ன்னார். அவ்வளவுதான் சொன்னது. அந்தப் பொம்பளை என் கையைப் பார்த்தா. கடையிலே நின்ன அத்தனை பேரும் பார்த்தாங்க. அன்னிக்குக் கிளம்பினவன்தான்."

கோடாலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கேட்டார்: "ஒரே ஒரு சொல்லுதானேம்மா. அது எப்படி இம்புட்டுப் பெரிசாச்சு?"

உலகம்மை கூடையை எடுத்தார். "வாங்க. மருந்துக்குப் பறிக்கணும்."

மடத்துக்குப் பின்னால் ஒரு கருவாலி மரம்; ஓக் என்பார்களே, அது. உலகம்மை கிளையொன்றை வளைத்துக் காட்டினார். குச்சியில் நெல்லிக்காய் பருமனில் உருண்டை உருண்டையாக, மேலெல்லாம் முண்டும் முடிச்சுமாக ஒட்டிக்கொண்டிருந்தன.

பூவலிங்கத்துக்குக் கண் விரிந்துவிட்டது. "மாசிக்காய்! மரத்திலே இப்படித்தான் காய்க்குமா?"

"இந்த மரம் மாசிக்காய் காய்க்காதே."

"என்னம்மா சொல்றீங்க? பிள்ளை பெத்த வீட்டுக்கெல்லாம் உரைமருந்துக்கு நான் எடுத்துக் கொடுத்த காய்ம்மா இது!"

"இந்த மரத்துக் காய் அதோ இருக்கு பாருங்க, தலையிலே குல்லா போட்டுக்கிட்டு. அதை நட்டா முளைக்கும். இதை நட்டா நீங்களும் நானும் பார்த்துக்கிட்டே இருக்கவேண்டியதுதான்."

"அப்போ இது என்ன?"

"உடைச்சுப் பாருங்க."

கல்லில் வைத்துத் தட்டினார். நடுவில் ஒரு சின்ன அறை. அறைக்குள் வெள்ளையாக ஒரு புழு சுருண்டிருந்தது.

"சொத்தை" என்றார் கடைக்காரர்.

"சொத்தை இல்லை. வீட்டுக்காரர். எறும்பளவு ஒரு குளவி மொட்டிலே குத்தி முட்டை வச்சுட்டுப் போயிடும். அதைச் சுத்தித்தான் இவ்வளவும்."

"நம்ம ஊர்க் குளவி மண் சுமந்து சுமந்து வந்து சுவத்திலே கூடு கட்டும். இது என்ன கொண்டுவந்து கட்டுது?"

"நீங்களே கண்டுபிடிங்க. கொஞ்சம் கடிங்க."

கடித்தார். முகம் கோணியது. "யப்பா! என்ன துவர்ப்பு!"

"இப்போ பட்டையை."

மரப்பட்டையில் ஒரு துணுக்கைக் கிள்ளி மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். மறுபடி காயை நக்கினார், மறுபடி பட்டையை மென்றார். பொட்டலம் கட்டிப் பழகிய நாக்கு அது, ஏமாறாது.

"அதே துவர்ப்புதான். காயிலே தூக்கலா இருக்கு, அவ்வளவுதான்."

"குளவி கொண்டுவந்தது?"

"ஒண்ணுமே இல்லை. அத்தனையும் மரத்தோட சரக்கு" என்றார் பூவலிங்கம். வாயிலிருந்த பட்டையைத் துப்பினார். திடீரென்று கோபம் வந்தது.

"அப்போ குத்தினவன் பேரிலே தப்பில்லை, மரத்துப் பேரிலேதான் தப்பு. அப்படித்தானேம்மா?"

"மரத்தை நான் ஏதாவது சொன்னேனா? பாவம், குத்தினா அதுக்கு வலிக்காதா?"

கோபம் வந்த வழியே போயிற்று. வேறொரு காயைத் திருப்பிப் பார்த்தார்.

"இதிலே பொத்தல் இருக்கே. கடைக்கு வர்றதிலேயும் உண்டு, மட்டம்னு ஒதுக்கிடுவோம். வண்டு அரிச்சு உள்ளே போனதுன்னு நினைச்சிருந்தேன்."

"உள்ளே போன பொத்தல் இல்லை அது. வெளியே போன பொத்தல்."

கண்ணருகே வைத்துப் பார்த்தார். உள்ளே யாரும் இல்லை.

"எப்பம்மா போச்சு?"

"யாருக்குத் தெரியும்? மரத்துக்கே தெரியாது. இன்னும் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தானே நிக்குது."

பூவலிங்கம் மரத்திலேயே உலர்ந்துபோனவற்றில் பொத்தல் விழாததாகப் பார்த்துப் பறித்துக் கூடையில் போட்டார். கூடையை உலகம்மை திரும்ப அவரிடமே நீட்டினார்.

"வயித்துப்போக்குக்கு இதைவிட என்ன இருக்கு? உரைங்க."

"என் கையாலயா?"

"எனக்குக் கூடை தூக்கவே கை வலிக்குது, அண்ணாச்சி."

மருந்து அறையில் உரைகல் இருந்தது. வெந்நீர் விட்டு உரைத்தார். கை மறந்திருக்கவில்லை. விழுதை வழித்து இலையில் மடித்தார், மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். படியில் கால் வைத்தவர் நின்றுவிட்டார்.

"அம்மா, பொட்டலத்தை நீட்டினதும் மறுபடியும் என் கையைப் பார்ப்பார். அன்னிக்குச் சொன்ன அதே சொல்லைச் சொல்லிட்டார்னா?"

"சொல்லட்டும். அது எவ்வளவு பெரிசுன்னு இந்தத் தடவை கிட்ட நின்னு பார்த்துட்டு வாங்க."