மரத்திடம் சொல்லாத சேதி

கொய்யா இலையில் குவர்செட்டின், மா இலையில் மாஞ்சிஃபெரின், பப்பாளி இலையில் கார்பைன். எந்த இலையில் என்ன சத்து என்பது சங்கரநயினாருக்குத் தலைகீழ்ப் பாடம். முப்பது வருடம் வேதியியல் நடத்திவிட்டு, ஓய்வு பெற்றபின் வைத்தியர் செண்பகவல்லியிடம் சீடராகச் சேர்ந்தவர். குருவைவிடச் சீடருக்குப் பதினைந்து வயது கூடுதல்.

அந்த வைத்தியசாலையில் ஒரு வழக்கம் உண்டு. இலை பறிக்குமுன் மரத்தடியில் நின்று, நோயாளியின் பெயரையும் அன்றைக்கு அவர் இருக்கும் நிலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த ஒரு நாளைக்கு உரிய இலையை மட்டும்தான் பறிக்கலாம்.

"மரத்துக்குக் காது இருக்கா, வைத்தியரம்மா?" என்று சேர்ந்த அன்றே கேட்டார்.

"கிடையாது, சார்," என்றார் செண்பகவல்லி.

சங்கரநயினார் மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

ஐப்பசி மழையோடு ஊரெல்லாம் காய்ச்சல் வந்தது. செண்பகவல்லி வெளியூர் போயிருந்தார். செங்கல் சூளையில் வேலை பார்க்கும் இருளாண்டிக்குக் காய்ச்சல் என்று அவன் மனைவி பேச்சி ஓடிவந்தாள். சங்கரநயினார் மூன்று நாளைக்கான பப்பாளி இலையை ஒரே மூச்சில் பறித்து, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தார். பாவம், அவளும் மழையில் அலைய வேண்டாம், தாமும் சேற்றில் இரண்டு தெரு தாண்டிப் போய்ப் பார்க்க வேண்டாம். சாற்றின் அளவை மட்டும் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

நான்காம் நாள் இருளாண்டியைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

செண்பகவல்லி திரும்பி வந்தபோது சங்கரநயினார் பப்பாளி மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டு இரண்டு நாளாகியிருந்தது. குற்ற உணர்வு அவர் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது.

"இலை நல்ல இலை. அளவும் சரி. புரட்டிப் புரட்டிப் பாத்துட்டேன், வைத்தியரம்மா. எங்க தப்பு?"

"மரத்துக்கிட்டச் சொன்னீங்களா?"

"சொல்லல. சொல்லியிருந்தா மட்டும் பிழைச்சிருப்பானா?"

"எந்திரிங்க. இப்பச் சொல்லுங்க. பேரு?"

அவர் எழுந்து நின்றார். "இருளாண்டி."

"மொத நாளு?"

"காய்ச்சல். உடம்பு வலி. பேச்சி சொன்னா."

"ரெண்டாம் நாளு வாந்தி இருந்துச்சா? மூணாம் நாளு ஈறுல ரத்தம் கசிஞ்சுதா? பெரியாஸ்பத்திரிக்கு ஏத்திவிட வேண்டியது எந்தப் பொழுது?"

சங்கரநயினார் மரத்தை நிமிர்ந்து பார்த்தார். இலைகளிலிருந்து மழைநீர் அவர் தலைமேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க, சார்," என்றார் செண்பகவல்லி. "மரத்துக்குத்தான் காது கிடையாதே. கூசாமச் சொல்லுங்க."