போய்ச் சேர்ந்த மெயில்

ஏற்காட்டு மலைச்சரிவில் ஒரு சிறிய தியான மடம். அதன் தலைவர் மெய்யப்ப சுவாமிக்கு நாற்பது வயதிருக்கும். மடத்துக்கு வரும் மெயில்களுக்குப் பதில் அனுப்புபவர் அவருடைய சிஷ்யை அமுதவல்லி. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குருவைவிட மூத்தவர்.

சில வாரங்களாக மெயில் ஒழுங்காகப் போகவில்லை. காலையில் போகும். மதியம் ‘பாஸ்வேர்ட் தவறு’ என்று நின்றுவிடும்.

அன்று அமுதவல்லி மூச்சிரைக்க வந்தார்.

“இன்டர்நெட் கம்பெனியில கேட்டுட்டேன் சுவாமி. யாரோ தப்பான பாஸ்வேர்டைப் போட்டுப் போட்டுப் பாக்கறாங்களாம். அதனாலதான் அப்பப்போ கணக்கைப் பூட்டிடறாங்களாம். வேற யாரு, சேரலாதன்தான்!”

சேரலாதன் சில வாரங்களுக்கு முன்புவரை அந்த வேலையைப் பார்த்தவர். மனத்தாங்கலில் மடத்தை விட்டுப் போனவர். அவர் போன அன்றே அமுதவல்லி பாஸ்வேர்டை மாற்றியிருந்தார்.

“எங்கேயிருந்து போடறாங்கன்னு கேட்டீங்களா?”

“இல்ல சுவாமி.”

“கேளுங்க.”

அங்கேயே நின்று போன் செய்தார்.

“உங்க மடத்து இணைப்பிலிருந்துதான் மேடம்,” என்றது மறுமுனை. “உள்ளேயிருந்துதான்.”

அமுதவல்லி அறை அறையாகத் தேடினார். பிரார்த்தனைக் கூடத்தில் பாட்டுப் போடுவதற்காக அவரே கொடுத்திருந்த பழைய போன் கிடைத்தது. சேரலாதனுக்கு உதவியபோது போட்ட மடத்து மெயில் அதில் இன்னும் இருந்தது, பழைய பாஸ்வேர்டோடு. யாரும் தொடாமலே அது உள்ளே நுழையப் பார்த்துக்கொண்டிருந்தது.

கொண்டுவந்து சுவாமி முன் வைத்தார்.

“என் போன் சுவாமி.”

“அணைச்சுடுங்க. சரியாயிடும்.”

“இல்ல சுவாமி... சேரலாதன் திருடன், யாரும் கிட்ட சேர்க்காதீங்கன்னு நம்ம அன்பர்கள் எல்லாருக்கும் எழுதிட்டேன். உங்களைக் கேக்கல.”

சுவாமி நிமிர்ந்து பார்த்தார்.

“அது போச்சா?”

போயிருக்கக் கூடாதே என்று அமுதவல்லி கம்ப்யூட்டரைத் திறந்தார். மகனைப் பறிகொடுத்த ஒரு தாய்க்கு எழுதிய ஆறுதல் போகாமல் நின்றிருந்தது. திரும்பத் திரும்ப அனுப்பிய எத்தனையோ பதில்கள் நின்றிருந்தன. அந்த மெயில் மட்டும் ஒருவர் விடாமல் போய்ச் சேர்ந்திருந்தது. அன்பர் ஒருவர் நடத்தும், சேரலாதன் வேலை கேட்டிருந்த பள்ளிக்கூடத்துக்கும்.

அமுதவல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“திரும்பக் கூப்பிட முடியுமா?” என்றார் சுவாமி.

“முடியாது சுவாமி. தப்பு என்னுதுன்னு எல்லாருக்கும் இன்னொரு மெயில் போட்டுடறேன். இப்பப் போகும்.”

“மெயில் வேண்டாம்மா. அது போன இடத்துக்கெல்லாம் நீங்க போங்க. சேரலாதன் வீட்டுக்கு முதல்ல.”